வெள்ளம் விட்ட தடயம்

கொள்ளிடத்தின் வடகரையில் ஒரு தியானக் குடில் இருந்தது. அதை நடத்திவந்தவர் செலின் அம்மா. வயது நாற்பத்தாறு. அவருடைய சீடர்களில் மூத்தவர் சூசைநாதன். வயது அறுபத்து மூன்று. "தங்கச்சி வயசுக்காரிகிட்டப் போயி என்னத்தக் கத்துக்கப் போறீரு?" என்று ஊரில் கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. முறைத்தார். முறைப்பது அவருக்குக் கைவந்த கலை.

சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர் அவர். குடிலுக்கு வந்தபோது மாற்று வேட்டி இரண்டும் ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டி நிறையக் கல். சும்மா கல் இல்லை. நத்தையும் சிப்பியும் சங்குமாக இருந்து கல்லாகிப் போனவை. நாற்பதடி ஆழத்தில் அவரே பொறுக்கியவை. கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டர். கடல் நத்தைக்கு அந்த ஊரில் என்ன வேலை? நோவா காலத்து வெள்ளம் கொண்டுவந்து போட்டது, இதைவிட அத்தாட்சி வேறென்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

போன ஆவணியில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து வடிந்தது. மூன்றாம் நாள், நாணலில் சிக்கிக் கிடந்த அகலமான பலகை ஒன்றைச் சூசைநாதன் இழுத்துவந்தார். சேற்றைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். கீற்றுக் கொட்டகையில் நாலு மூலைக்கும் செங்கல் அடுக்கி, வழவழப்பான பக்கம் மேலே வரும்படி போட்டு, செய்தித்தாள் விரித்து, கற்களை இனம் இனமாகப் பரப்பினார்.

"யாரு பலகை ஐயா இது?" என்று செலின் அம்மா அன்றைக்கே கேட்டார்.

"ஆண்டவர் குடுத்ததும்மா. கல்லு வைக்க ஒரு மேசை இல்லையேன்னு நெனச்சேன். ஆத்துல அனுப்பிட்டாரு."

அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைக்குள் சூசைநாதன் ஒருவரையும் விடவில்லை. வரிசை கலைந்துவிடுமாம்.

தை மாசத்தில் டவுன் கல்யாண மண்டபத்தில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். நோவாவின் வெள்ளம் நடந்ததா, இல்லையா? நடந்தது என்று சூசைநாதன். நடக்கவில்லை என்று ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார் இளவழகன்.

சூசைநாதன் எடுத்த எடுப்பிலேயே பெட்டியைத் திறந்துவிட்டார்.

"வெள்ளம்னு ஒண்ணு வந்தா தடயம் விடாமப் போகாது. இந்தாங்க தடயம். கையில வாங்கிப் பாருங்க. தடயம் இல்லாத வெள்ளத்த நானே நம்ப மாட்டேன்."

நல்ல கைதட்டல். பிறகு இளவழகன் எழுந்து ஒரு சிப்பியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இந்தச் சிப்பி செத்த பிற்பாடு இதும்மேல இன்னொரு சிப்பி ஒட்டி வளந்திருக்கு. அது செத்து, அதுல புழு துளை போட்டிருக்கு. நாப்பது நாள் மழையில, எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போற தண்ணியில, இதுங்களுக்கு இவ்வளவு நேரம் எப்படிக் கெடச்சுது? அதுவும் கீழ் அடுக்குல ஒரு சாதி நத்தை, மேல் அடுக்குல வேற சாதி. ரேஷன் கடையில மூட்டையக்கூட இப்படிப் பிரிச்சு அடுக்க மாட்டாங்க. வெள்ளம் அடுக்கிட்டுப் போச்சா?"

மண்டபமே சிரித்தது. சூசைநாதனுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. அந்த அடுக்குகளை முப்பது வருஷம் தினமும் பார்த்தவர் அவர். இளவழகன் சொன்னது அவருக்கும் தெரியும் என்பதுதான் அந்த எரிச்சலில் பாதி. மீதிப் பாதி, அந்தச் சிரிப்பு.

அடுத்த மாசமே இரண்டாம் சுற்று வைத்தார்கள். அன்று காலை அவர் பெட்டியில் நல்ல கற்களாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு செலின் அம்மாவிடம் போனார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. அந்த வெள்ளம் வந்துச்சா, வரலியா?"

"வந்துச்சுன்னு நிரூபிச்சுட்டா என்ன செய்வீங்க?"

"எல்லாரும் நம்புவாங்க."

"நம்பி?"

சூசைநாதனுக்குக் கோபம் வந்தது.

"இப்படிக் கேள்விக்குக் கேள்வி கேட்டீங்கன்னா நான் மேடையில என்ன பேசுறது? மூணு மணிக்குக் கூட்டம். அந்த வாத்தியார் கத்தியத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்."

"டவுனுக்குத்தான போறீங்க? யாகம்மாவக் கூட்டிட்டுப் போங்க."

யாகம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆற்றுக்கு நடுவே இருந்த திட்டில் குடியிருந்தவள். புருஷன் இல்லை. ஆவணி வெள்ளத்தில் வீடு போனபிறகு, ஆறு மாசமாக மகளோடு பள்ளிக்கூட வராந்தாவில் கிடக்கிறாள். வீடு இழந்தவர்களுக்கு மேட்டில் அரசாங்கம் வீடு கட்டிக்கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் திட்டுக்காரர்கள் எல்லார் பெயரும் இருந்தது, இவள் பெயர் மட்டும் இல்லை. அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு பட்டியலை மூடுகிறார்கள்.

"மனு எழுதியாச்சு. சாட்சிக் கையெழுத்து வேணுமாம். நான் ஏற்கெனவே பதினோரு பேருக்குப் போட்டுட்டேன், இனிமே என் கையெழுத்து செல்லாதுங்கறாங்க. நீங்க போடுங்க" என்றார் அம்மா.

"என் கேள்விக்குப் பதில்?"

"போயிட்டு வாங்க, பேசலாம்."

சூசைநாதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பெட்டி கனத்தது. யாகம்மாள் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று உரசக்கூடாது.

தாலுகா ஆபீசில் பதினொரு மணிக்குப் போட்ட மனு, பன்னிரண்டரைக்குத்தான் மேசைக்கு வந்தது. எழுத்தர் இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார்.

"சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரியுற மாதிரி போட்டோ இருக்காம்மா? கோட்டுக்குப் பக்கத்துல நீங்க நிக்கணும்."

"சுவரு இல்லிங்க. மண்ணுச் சுவரு. கரைஞ்சு போச்சு" என்றாள் யாகம்மாள்.

"சுவரு இல்லன்னா கோடு எப்படித் தெரியும்?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

"வரி ரசீது?"

"வீட்டோட போச்சு."

"பஞ்சாயத்து நோட்டுல பேரு இருக்குமே?"

"பஞ்சாயத்து ஆபீசும் முங்கிப்போச்சுங்க. நோட்டைப் பிரிச்சா கூழாட்டம் வருதாம்."

"ரேஷன் கார்டு?"

"எங்கம்மா ஊரு விலாசத்துல கெடக்கு. மாத்தல."

"சரி, கதவு எண் தகடாச்சும் இருக்கா? அது ஒண்ணு இருந்தாப் போதும்."

"கதவே போச்சு. தகடு மட்டும் நீந்தி வருமா?"

எழுத்தர் பேனாவை மூடித் திறந்தார். "வீட்டு அளவாவது சொல்லுங்க."

"நானும் எம்மவளும் காலு நீட்டிப் படுக்கலாம். மூணாவதா ஆடு படுக்கும்."

அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை. சூசைநாதன் ஓரமாகப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். நோவாவின் பேழை முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். யாகம்மாள் வீடு எத்தனை அடி என்று அவருக்குத் தெரியாது. குடிலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அந்தத் திட்டு இருக்கிறது.

அவர் எழுந்தார்.

"என்னய்யா நியாயம் இது? பாதி நனைஞ்சு சுவரு நின்னவனுக்கு வீடு. சுவரே போனவளுக்கு வீடு இல்லியா? கோடு இல்லாததுதான்யா பெரிய அத்தாட்சி. உமக்குப் புரியுதா இல்லியா?"

"சத்தம் போடாதீங்க சார். படிவம் நான் அடிச்சது இல்ல. இங்க எதுவுமே இல்லாம வந்து, வீடு இருந்துச்சு, போயிடுச்சுன்னு யாரு வேணா சொல்லலாம்."

இப்போது யாகம்மாள் நிமிர்ந்தாள். அதுவரை வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசியவள்.

"இல்லாத வீட்ட எந்தப் பொம்பள ஆத்துல விடுவா? சொல்லு. ஆறு மாசம் எம்மவ பள்ளிக்கூட வராந்தாவுல, அவகூடப் படிக்கிற பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி பாயச் சுருட்டிக்கிட்டு ஓடுறா. அது பொய் சொல்றதுக்கா?"

எழுத்தர் தலை குனிந்துகொண்டார். பிறகு சூசைநாதனைப் பார்த்தார்.

"சார், போன மாசம் நீங்க மண்டபத்துல பேசுனீங்கள்ல? நானும் வந்திருந்தேன். கைகூடத் தட்டினேன். வெள்ளம்னு வந்தா தடயம் விடாமப் போகாது, தடயம் இல்லாத வெள்ளத்த நம்ப மாட்டேன்னு நீங்கதான சொன்னீங்க? நாங்களும் அதைத்தான் சார் கேக்குறோம்."

சூசைநாதன் காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"விடுங்க. சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வச்சுப் பாக்கலாம்" என்றார் எழுத்தர். அவருக்கும் மனம் கேட்கவில்லை. "ஆனா வீடு போனத நேர்ல பாத்திருக்கணும். படிவத்துலேயே அப்படித்தான் இருக்கு. பாத்தீங்களா?"

வெள்ளம் வந்த அன்று, ஆவணி பதினெட்டு. காலை பத்து மணி. கோவில் மணி நிறுத்தாமல் அடித்தது. செலின் அம்மா கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார். குடிலில் இருந்த நாலு பேரும் பின்னால் ஓடினார்கள். "சூசை ஐயா, வாங்க" என்று அம்மா திரும்பிக் கத்தியது அவர் காதில் விழுந்தது. "தோ வர்றேன்" என்றார். கொட்டகையில் தரையில் பரப்பியிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கி, பெட்டியைப் பரணில் ஏற்றினார். குடில் மேட்டில் இருந்தது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவர் இறங்கிக் கரைக்குப் போனபோது திட்டு இருந்த இடத்தில் ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"பாக்கல" என்றார் சூசைநாதன்.

எழுத்தர் மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது காலடியில் இருந்த பெட்டியைக் கண்டார். "இதுல என்ன சார்? அவங்க வீட்டுச் சாமானா?"

சூசைநாதன் பெட்டியைத் தூக்கினார்.

பேருந்தில் பாதி வழியில் யாகம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒரு பொய்யி சொல்லியிருக்கலாம்ல ஐயா."

"எனக்குப் பொய் வராதும்மா."

"உண்மையும் வரலியே."

பெட்டி அவர் மடியில் இருந்தது. கால் மரத்துப்போனது. மூணு மணி மேடையும் இளவழகனும் அவர் நினைவிலேயே இல்லை. கோடு, கோடு என்று அந்தப் பையன் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. ஒரு வீட்டையே விழுங்கிய தண்ணீருக்கு ஒரு கோடு கேட்கிறார்களே என்று அவருக்கு ஆறவில்லை.

குடிலுக்குள் நுழையும்போதே கத்தினார்.

"அம்மா, நீங்க உடனே கிளம்பி வாங்க. நேரா தாசில்தாரப் பாப்போம். மனுசனா இவனுங்க? சுவரு கரைஞ்சு போச்சுன்னா, கோடு எங்கங்கறான். கதவு போச்சுன்னா, தகடு எங்கங்கறான். அந்தப் பொம்பள நின்னு பேசுறா, அவ முகத்தப் பாக்க மாட்டேங்கறான். காகிதத்தப் பாக்குறான். கண்ணு முன்னாடி ஒருத்தி நிக்கிறது போதாதா? அவள விட என்ன அத்தாட்சி வேணும்?"

பேசிக்கொண்டே கொட்டகைக்குள் போனார். செலின் அம்மா பின்னால் வந்தார். யாரும் வரக்கூடாது என்ற சட்டம் அவருக்கே மறந்துவிட்டது. யாகம்மாளும் வந்தாள். ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கிப் பலகையின் ஓரத்தில் தொப்பென்று வைத்தார்.

செங்கல் சரிந்தது. பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மீதிக் கற்கள் உருண்டன. பலகை காலில் விழாமல் இருக்க யாகம்மாள் குனிந்து அடியில் கைகொடுத்துத் தாங்கினாள்.

தாங்கிய கை அப்படியே நின்றது. பிறகு விரல்கள் மட்டும் அடியில் எதையோ தடவின. சங்கிலி ஒன்று கிணுக்கென்றது.

"இது எங்க நாதாங்கி" என்றாள்.

செலின் அம்மா பெட்டியை இறக்கிவிட்டு, பலகையில் மிச்சம் இருந்த கற்களை எடுத்துத் தரையில் வைக்கத் தொடங்கினார். நத்தை, சிப்பி, சங்கு. அம்மா வரிசை பார்க்கவில்லை. சூசைநாதனும் தடுக்கவில்லை. செய்தித்தாளை உருவிவிட்டு, அம்மாவும் யாகம்மாளுமாகப் பலகையைப் புரட்டினார்கள்.

கதவு. குறுக்குச் சட்டம் மூன்று. துருப்பிடித்த நாதாங்கிச் சங்கிலி. அதற்குமேல் பஞ்சாயத்துத் தகடு, மூன்றின் கீழ் நாற்பத்தொன்று. சட்டத்தின் ஓரத்தில் கத்தியால் கீறிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மகளை நிறுத்திவைத்து யாகம்மாள் கீறியவை. ஏழாவது கோட்டுக்கு மேலே இன்னும் நிறைய இடம் இருந்தது.

யாகம்மாள் அழவில்லை. தகட்டைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு சூசைநாதனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆறு மாசமா இங்கியா இருந்துச்சு?"

அவள் கேட்டது சத்தமாக இல்லை. மண்டபம் சிரித்தபோதுகூட அவருக்கு இப்படி ஆகவில்லை. சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே காக்கை ஒன்று கத்தியது.

செலின் அம்மா கதவின் ஒரு முனையைத் தூக்கினார்.

"மூணேகால் பஸ்சு போயிருக்காது. அந்தப் பக்கம் பிடிங்க ஐயா."

சூசைநாதன் அசையவில்லை.

"சங்கிலியப் பாத்தேம்மா" என்றார். "தகட்டையும் பாத்தேன். நான்தான கழுவினேன். கதவுன்னு தெரியும். யாரு வீட்டுதுன்னு கேக்கணும்னு மட்டும் தோணல. சத்தியமா ஆண்டவர் குடுத்ததுன்னுதான் நெனச்சேன்."

"ஆண்டவர் குடுத்ததுதான் ஐயா" என்றார் செலின் அம்மா. "அது மேல கல்ல வச்சதுதான் நீங்க."